கற்கண்டுக் கெம்பு

தென்காசி வீரபாகுப் பிள்ளைக்கு வயல் இருந்தது, தோப்பு இருந்தது, சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம் இருந்தது. ராஜாவாக இருக்க ஒரு ராஜ்யம் மட்டும்தான் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவர் ஒரு நாடக சபை நடத்தினார். சபைக்கு அவரே தலைவர், அவரே காரியதரிசி. எந்த நாடகம் போட்டாலும் அதில் ஒரு ராஜா இருக்க வேண்டும், அந்த ராஜா அவராக இருக்க வேண்டும். கதையில் ராஜா இல்லை என்றால் பலவேசம் வாத்தியார் ஒருவரை எழுதிச் சேர்த்துவிடுவார்.

பலவேசம் வாத்தியார்தான் சபைக்கு ஆர்மோனியம், பாட்டு, வசனம் எல்லாம். பிள்ளைக்கு வசனம் மனதில் நிற்காது. சிம்மாசனத்தில் உட்கார்ந்து ‘அமைச்சரே’ என்று கம்பீரமாகக் கூப்பிடுவார். எதற்குக் கூப்பிட்டோம் என்பது மறந்துபோகும். திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் ஆர்மோனியத்தை இழுத்தபடியே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வசனத்தையும் முதலில் வாத்தியார் குரலிலும், பிறகு ராஜாவின் குரலிலும் கேட்பார்கள். டிக்கெட் இல்லாத நாடகம் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை.

1934ஆம் வருஷத்துச் சாரலில் சபைக்கு ஒரு பெரிய அழைப்பு வந்தது. மயில்பொத்தை ஜமீன்தார் சுந்தரபாண்டியன் சீசனுக்காகக் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது என்று இருந்ததில் அவருக்கு அலுத்துப்போயிற்று. நாடகத்தைத் தன் பங்களாவில் வந்து போடும்படி ஆள் அனுப்பினார். தான் சீக்கிரம் படுப்பவன், அதனால் சாயங்காலமே முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

பிள்ளை பூரித்துப்போனார். நிஜ ராஜா முன்னால் ராஜாவாக நடிப்பது சின்ன விஷயமில்லை. திருநெல்வேலியிலிருந்து வாடகைக்கு வந்திருந்த உடுப்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கிரீடம் தேவலை. பதக்கம்தான் தகரம். மேலே பூசியிருந்த பொன் வர்ணம் உரிந்து, பிஸ்கட் டப்பாவின் எழுத்து வெளியே தெரிந்தது.

நேரே அடுக்களைக்குப் போனார். அவர் மனைவி வடிவம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி வடிவு, உன் கெம்புப் பதக்கத்தை ஒரு நாளைக்குக் குடு. நாடகத்துக்குப் போட்டுட்டுத் தந்திருதேன்.”

“போன வருஷம் அட்டியலையும் இப்படித்தான் கேட்டிய. திரும்பி வரும்போது நடுக்கல்லைக் காணலை.”

“அது போர்க்களத்துச் சீன். இது தர்பார். அங்கன இங்கன குதிக்க மாட்டேன்.”

“தர்பார்னாலும் தரமாட்டேன். எங்க அம்மை போட்டது. வேணும்னா ஒண்ணு செஞ்சு தாரேன்.”

பிள்ளை சிரித்தார். “நீ என்ன பத்தரா, பதக்கம் செய்ய?”

“நீங்க என்ன ராஜாவா, பதக்கம் போட?” என்றாள் வடிவம்மாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பலவேசம் வாத்தியார் எழுதிய வசனங்கள் எதுவும் பிள்ளைக்கு நிற்கவில்லை. இந்த ஒரு வசனம் மட்டும் வெகு நாள் நின்றது.

வடிவம்மாளுக்கு நகை வேலை தெரியாது. ஆனால் நகையைப் பார்க்கத் தெரியும். கல்யாண வீடுகளில் மற்றப் பெண்கள் யார் கழுத்தில் எத்தனை பவுன் என்று கணக்குப் போடும்போது, அவள் எந்தக் கல்லுக்கு அடியில் எப்படித் தகடு வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். அந்தப் பார்வையை நம்பித்தான் வேலையில் இறங்கினாள்.

முதலில் அரிசிமாவைப் பிசைந்து செய்தது காய்ந்ததும் நடுவே வெடித்தது. பிறகு காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்துச் செய்தாள். அது சாரல் ஈரத்தில் காயவே இல்லை, பூசணம் பிடித்துக்கொண்டது. கடைசியில் பரணில் விதைக்காகக் கிடந்த சுரைக்குடுக்கை கண்ணில் பட்டது. கத்தியால் ஒரு துண்டு நறுக்கி, கல்லில் தேய்த்துத் தாமரை மொட்டாக்கினாள். காகிதம் போல இலேசு, நெஞ்சில் படியும்படி ஒரு வளைவு.

புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்துப் பசை காய்ச்சினாள். அதில் முறுக்கு நூலைத் தோய்த்து, கொடியும் இலையுமாக வளைத்துக் குடுக்கையின் மேல் ஒட்டினாள். காய்ந்ததும் டீத்தூள் பொட்டலத்தின் ஈயத்தாளைப் போர்த்தி, ஈர்க்குச்சி நுனியால் ஓரம் ஓரமாக அழுத்தினாள். கொடியும் இலையும் புடைத்துக்கொண்டு எழுந்து நின்றன. இப்போது அது வெள்ளிப் பதக்கம். குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, மஞ்சள்பொடி போட்டு வடிகட்டி, துணியால் தொட்டு மெல்ல ஒற்றினாள். வெள்ளி பொன்னாயிற்று. அதைப் பார்த்து அவளே கொஞ்ச நேரம் கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஓரத்துக்கு முத்து வேண்டும். ஜவ்வரிசி ஒட்டினாள். இலைகளுக்குப் பச்சைக் கல்; வளையல்காரி பாத்திமுத்துவின் கூடையில் உடைந்து கிடந்த கண்ணாடி வளையல் துண்டுகள். நடுவில், உடைந்த சிவப்புக் கண்ணாடிச் சில்லைத் தேய்த்துத் துவரம்பருப்பு அளவில் ஒரு கெம்பு.

பிள்ளை வந்து பார்த்தார். அசந்துபோய் வாயைத் திறந்தார். வந்தது பாராட்டு அல்ல.

“கல்லு சின்னதா இருக்கே.”

“அளவா இருக்குல்லா.”

“ராஜா நெஞ்சுல துவரம்பருப்பா வைக்கிறது? நெல்லிக்காய்த் தண்டிக்கு வேணும்ட்டி.”

“அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு நான் எங்க போவேன்?”

“அது எனக்குத் தெரியாது. நெல்லிக்காய்.”

வடிவம்மாள் கற்கண்டு டப்பாவைத் திறந்தாள். கட்டிக் கற்கண்டில் பெரியதாக ஒன்றை எடுத்து, ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து முனை மழுக்கினாள். சிவப்புச் சில்லைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்து ஈயத்தாளில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பூசி, மேலே கற்கண்டைப் பதித்தாள். அடியிலிருந்த சிவப்பு மேலேறிக் கற்கண்டு முழுவதும் கனன்றது. அவள் அம்மை போட்ட அசல் கெம்பு இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

“மேலுக்கு இன்னும் குங்கிலியப் பூச்சு போடணும். அதுவரைக்கும் ஈரம் படக் கூடாது, கேட்டியளா?”

கேட்க ஆள் இல்லை. பிள்ளை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டிருந்தார்.

ஒத்திகையில் பலவேசம் வாத்தியார் பாட்டின் நடுவே ஆர்மோனியத்தை நிறுத்தினார்.

“அண்ணாச்சி, இது வீட்டுப் பொருளா?”

“வீட்டுலதான் இருந்துச்சு” என்றார் பிள்ளை. அதில் பொய் இல்லை.

“பழைய காலத்து வேலையோ?”

பிள்ளை பதில் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் முதல் பொய். அதன்பிறகு வேகம் பிடித்துவிட்டது. மறுநாள் அது பூட்டனார் காலத்துப் பதக்கம் ஆயிற்று. அந்த வாரம் முடிவதற்குள், பூட்டனாரின் பூட்டனாருக்கு ஒரு பாண்டிய ராஜா தன் கையால் போட்டதாக ஆயிற்று. வசனம் எடுத்துக் கொடுக்க அவருக்கு ஒரு வாத்தியார் தேவைப்பட்டார். இதற்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

காசி விசுவநாதர் கோயிலுக்குச் சட்டையில்லாமல், பதக்கத்தோடு போனார். வழக்கமாக உட்கார்ந்தபடியே தலையாட்டுகிறவர்கள் எழுந்து நின்றார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இத்தனை வருஷமாகத் தொண்டை கிழிய ராஜாவாகப் பேசியும் கிடைக்காத மரியாதையை ஒரு கட்டிக் கற்கண்டு வாய் பேசாமல் வாங்கிக் கொடுத்தது.

“நாடகம் கோயில்லயா நடக்குது? கழத்தித் தாங்க, பூச்சுப் போடணும்” என்றாள் வடிவம்மாள்.

“பழகிக்கிடணும்லா. ராஜா நகைன்னா உடம்போட ஒட்டணும்.”

“ஒட்டும்” என்றாள் அவள்.

நாடகத்தன்று குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. பங்களா முற்றத்தில் பந்தல் போட்டு, ஒரு பக்கம் மேடை கட்டியிருந்தார்கள். சீசனுக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள் மழைக்கோட்டும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முன்னால் ஜமீன்தாரின் மனைவி முப்பிடாதி நாச்சியார். வடிவம்மாளையும் கூப்பிட்டுத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். காற்று அடிக்கும்போதெல்லாம் தூவானம் பந்தலுக்குள் வந்து எல்லோர் மேலும் விழுந்தது. ராஜா மேலும் விழுந்தது.

பிள்ளை அன்று ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தார். வசனம் மறந்தால் பதக்கத்தைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே திருப்புவார். கெம்பு ஜொலிக்கும். ஜனங்கள் கை தட்டுவார்கள். அதற்குள் வாத்தியார் வரியை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஜமீன்தாரின் கண் ராஜாவின் முகத்துக்குப் போகவே இல்லை, பதக்கத்திலேயே இருந்தது.

தர்பார் காட்சி வந்தது. சேனாதிபதி துரோகம் செய்துவிட்டான் என்று அமைச்சர் வந்து சொல்ல வேண்டும். ராஜா சாந்தமாகச் சிரித்து, ‘மன்னித்தேன்’ என்று சொல்ல வேண்டும். சாந்தமான ராஜா என்பதுதான் கதை. ஆனால் தூவானத்தில் நனைந்த கெம்பு அதற்குள் கசிய ஆரம்பித்திருந்தது. சிவப்புப் பாகு ராஜாவின் நெஞ்சில் கோடாக இறங்கியது. சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்த மூங்கில் காலில் சுள்ளெறும்புக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. அவை மோப்பம் பிடித்து, சிம்மாசனத்தில் ஏறி, ராஜாவின் பிடரி வழியாக இறங்கின.

அமைச்சர் வணங்கி, சேதியைச் சொல்லி முடித்தார். ராஜா ஒரு அலறல் அலறிக்கொண்டு எழுந்தார். நெஞ்சில் ஓங்கி ஓங்கி அறைந்தார். கழுத்துப் பட்டியைப் பிய்த்தார். சிம்மாசனத்தை எட்டி உதைத்துவிட்டு மேடையை இரண்டு சுற்றுச் சுற்றினார். அமைச்சர் வேஷம் போட்டவர் நிஜமாகவே பயந்துபோய்த் திரைக்குள் ஓடிவிட்டார். பலவேசம் வாத்தியார் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்துக் கொடுக்க அவரிடம் இப்படி எதுவும் இல்லை. கடைசியில் ராஜா தரையில் விழுந்து முதுகைத் தேய்த்துப் புரண்டபோது, முன் வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நெஞ்சில் வழிந்த சிவப்பைப் பார்த்து, துரோகம் தாங்காமல் ராஜாவுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது என்று பின் வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஜமீன்தார் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பிள்ளைவாள், எங்க தாத்தா காலத்துல இருந்து எத்தனையோ நாடகம் பாத்தாச்சு. ராஜகோபம்னா இதுதான். இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது. ரத்தத்துல இருக்கணும்.”

“எல்லாம் மகாராஜா ஆசீர்வாதம்” என்றார் பிள்ளை, அக்குளைச் சொறிந்துகொண்டே.

“இந்த நாளுக்கு ஒரு அடையாளம் வேணும்.” ஜமீன்தார் தன் கழுத்திலிருந்த பச்சைக்கல் பதக்கத்தைக் கழற்றினார். “என்னோடது உங்க நெஞ்சுல இருக்கட்டும். உங்களோடது என் நெஞ்சுல இருக்கட்டும். மாத்திக்கிடுவோம்.”

மயில்பொத்தை ஜமீனின் அசல் பச்சை அடமானத்துக்குப் போய் மூழ்கி வெகு காலமாயிற்று. ஜமீன்தார் போட்டிருந்தது மதுரையில் பண்ணின, தங்க முலாம் பூசிய பித்தளை. கல் வெறும் கண்ணாடி. இந்தப் பிள்ளைக்கு நாடகப் பைத்தியம், புகழ்ச்சி தலைக்கு ஏறியிருக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். ஜமீன்தாருக்குக் கண்ணில் நீர் நிற்கிறது, அது காய்வதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று பிள்ளை நினைத்தார். ஒருவர் கழுத்தில் ஒருவர் போட்டார்கள். ஊர் பார்க்க ஆரத் தழுவிக்கொண்டார்கள். பிரியும்போது கெம்பு ஜமீன்தாரின் பட்டு அங்கவஸ்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

பெண்கள் பக்கத்தில் வடிவம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது.

“வீட்டு நகை போகுதேன்னு அழுதியா?” என்று கேட்டாள் நாச்சியார்.

“இல்ல நாச்சியார். கண்ணுல தூசி.”

நாச்சியார் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவளும் வேறு பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பிள்ளை அந்தப் பச்சைப் பதக்கத்தைக் கொண்டுவந்து, பெட்டிக்குள் பத்திரமாக வைக்கச் சொல்லி மனைவியிடம் நீட்டினார். வடிவம்மாள் கையில் வாங்கிப் பார்த்தாள். பின்புறத்தில் கொஞ்சம் புளி வைத்து முலாம் போகத் தேய்த்தாள்.

“பித்தளை” என்றாள்.

“என்னட்டி சொல்லுத? கல்லு?”

“கல்லு கண்ணாடி. எந்த ஊர்ப் பாட்டிலோ.”

பிள்ளை பிடுங்கிப் பார்த்தார். மஞ்சளாகப் பளபளத்த பித்தளை அவரைப் பார்த்தது. அவருக்கு வந்த கோபத்தில் நேற்றைய நாடகத்தை இன்னொரு தரம் போட்டிருக்கலாம்.

“ஒரு ஜமீன்தார் செய்யுத வேலையா இது? சபையில வச்சு, அத்தனை பேர் முன்னால, போலியைக் கழுத்துல போட்டுட்டானே. மானம் மரியாதை ஒண்ணும் கிடையாதா அவனுக்கு?”

“நீங்க போட்டது?”

“அது வேற. அது நாடகத்துக்குன்னு செஞ்சது. அசல்னு நான் எங்க சொன்னேன்?”

“பாண்டிய ராஜா போட்டதுன்னு ஊரெல்லாம் சொன்னியளே.”

“சொன்னேன். சத்தியம் பண்ணினேனா?”

சட்டையைப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். வாசல்படி வரைக்கும் போனார். சப் இன்ஸ்பெக்டர் என்ன கேட்பார் என்று அங்கே நின்று யோசித்தார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார்.

குற்றாலத்தில் ஜமீன்தார் இரும்புப் பெட்டியை நாலைந்து நாள் கழித்துத்தான் திறந்தார். அடகு பிடிக்கிறவர் ஒருவரை வரச் சொல்லியிருந்தார், அதற்காக. பெட்டியின் பூட்டுத் துவாரத்திலிருந்து எறும்புகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. உள்ளே வெல்வெட்டுத் துணி பாகில் ஊறிக் கிடந்தது. ஜவ்வரிசி முத்து உப்பிப் பெருத்திருந்தது. அவர் அடகுக்காரரிடம் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு, மனைவியிடம் மட்டும் கத்தினார். வெளியே கத்த முடியாது. தான் கொடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒருநாள் ஐந்தருவியில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்ததால் விலகி ஓடவும் வழி இல்லை. பாறை வழுக்கியது.

“பிள்ளைவாள், சுகம்தானா? நம்ம பச்சை எப்படி இருக்கு?”

“பூஜையில வச்சுப் பூப் போடுதோம் மகாராஜா. நம்ம கெம்பு?”

“அதை இரும்புப் பெட்டியை விட்டு வெளிய எடுக்கவே மனசு வரல.”

இரண்டு பேரும் தலையை அருவிக்குள் நீட்டினார்கள். அருவிக்கு அடியில் நின்றால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

ஆடி முடிகிற சமயத்தில், கோயிலுக்கு வந்த முப்பிடாதி நாச்சியாரின் மோட்டார் வீரபாகுப் பிள்ளை வீட்டு வாசலில் நின்றது. பிள்ளை தோப்புக்குப் போயிருந்தார். நாச்சியார் உள்ளே வந்து உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். எறும்பு தின்றது போக மிஞ்சிய சுரைக்குடுக்கை இருந்தது.

“இதைச் செஞ்சது ஆரு? உங்க வீட்டுக்காரரா?”

ஆமாம் என்று சொல்லி வடிவம்மாள் தப்பித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “அவுகளுக்குச் சட்டைப் பொத்தான் வைக்கத் தெரியாது நாச்சியார். நான்தான்.”

“நினைச்சேன். நான் சண்டைக்கு வரல. கல்லு கரைஞ்சுபோச்சு, இந்தக் கொடி வேலை அப்படியே நிக்குது பாரு. எங்க வீட்டுல இருந்த அசல் நகையில கூட இவ்வளவு நேர்த்தி கிடையாது.” நாச்சியார் குரலைத் தணித்தாள். “இருந்ததுன்னு சொல்லுதேன். இப்ப இல்ல. அவுக கோர்ட்டுக்கும் குதிரைக்கும் குடுத்தாச்சு. ஆவணியில எங்க அண்ணன் மகன் கல்யாணம். வெறுங்கழுத்தோட போனேன்னா சொந்தக்காரங்க ஒரு வருஷம் வாயில போட்டு மெல்லுவாக. எனக்கு ஒண்ணு செஞ்சு தா.”

“தாரேன் நாச்சியார்.”

“கற்கண்டு மட்டும் வேண்டாம். எங்க வீட்டுல எறும்பு ஜாஸ்தி.”

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சிரித்து முடிய நேரமாயிற்று.

“உங்க அரண்மனையில கண்ணாடிச் சரம் தொங்குத லஸ்தர் விளக்கு, உடைஞ்சது இருக்கா?” என்று கேட்டாள் வடிவம்மாள்.

“உடையாத விளக்குதான் இல்ல.”

மறுவாரம் ஒரு கூடை நிறைய லஸ்தர் கண்ணாடி வந்து இறங்கியது. பட்டை தீட்டிய பெல்ஜியம் கண்ணாடி; மெழுகுவர்த்தி வெளிச்சத்தையே வைரமாக்குகிற சாமான். வடிவம்மாள் அதை உடைத்து, தேய்த்து, அடியில் ஈயத்தாள் வைத்துப் பதித்தாள். இந்தத் தடவை குங்கிலியப் பூச்சுக் காயும்வரை யாரும் தொடவில்லை. அண்ணன் மகன் கல்யாணத்தில் நாச்சியாரின் கழுத்தைப் பார்த்து, ஜமீன் நொடித்துப்போயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

சேதி பரவியது. பெண்களுக்குள்ளேயே பரவியது. முறுக்குச் சுற்றக் கற்றுக்கொள்ள வருவதாகச் சொல்லிக்கொண்டு பெரிய வீட்டுப் பெண்கள் வடிவம்மாளிடம் வந்தார்கள். யார் வீட்டுக் காசுமாலை எந்த வழக்கில் கரைந்தது, யார் வீட்டு ஒட்டியாணம் யாருடைய சீட்டாட்டத்தில் போயிற்று என்பதெல்லாம் அவள் அடுக்களைக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து எதுவும் வெளியே போகவில்லை. வீட்டில் முறுக்கே சுடாமல் இத்தனை பேர் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பிள்ளை கேட்டுப் பார்த்ததில்லை.

அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. ஜமீன்தாரோடு பதக்கம் மாற்றிக்கொண்டவர் என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. கல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று ஜனங்கள் முடிவு செய்தார்கள். யார் வீட்டில் நகை வாங்கினாலும் அவரிடம் கொண்டுவந்து காட்டினார்கள். பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டி, ஒரு வார்த்தை சொல்வார். ஊருக்கு அந்த வார்த்தை போதும்.

இதற்கெல்லாம் மறுவருஷம், பள்ளிக்கூட வாத்தியார் நம்பிராஜனின் மகள் பேராச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அரிசி மில்காரர்கள். மாப்பிள்ளையின் தகப்பன் அய்யாக்குட்டிப் பிள்ளை எல்லாம் பேசி முடித்து, பத்திரிகை அடித்து, பந்தக்கால் நட்ட பிறகு ஒரு சொல் விட்டார். பெண்ணுக்குக் கெம்புப் பதக்கம் ஒன்று போட்டுவிடுங்கள், இல்லையென்றால் முகூர்த்தத்தைத் தள்ளிப்போடலாம் என்றார். தள்ளிப்போடுவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

நம்பிராஜனின் மனைவி வந்து வடிவம்மாளின் முன்னால் உட்கார்ந்து, விஷயத்தைச் சொல்லி அழுதாள்.

“எவ்வளவு பெரிய கெம்பு கேட்டாரு?” என்றாள் வடிவம்மாள்.

“பாத்தா தெரியணுமாம்.”

“தெரியும். அழாதீங்க.”

ரயில் விளக்கின் சிவப்புக் கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அதுவரை செய்தவற்றிலெல்லாம் அதைத்தான் அதிக நேரம் எடுத்துச் செய்தாள். நாச்சியாருக்குச் செய்தபோது விளையாட்டாக இருந்தது. இதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கியது.

கல்யாணத்தன்று, தாலி கட்டுவதற்கு முன்னால், அய்யாக்குட்டிப் பிள்ளை எழுந்தார். “சம்பந்தி மேல சந்தேகம் இல்ல. இருந்தாலும் ஒரு முறை இருக்கு. நம்ம வீரபாகு அண்ணாச்சி இங்கனதான் இருக்காக. அவுக பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த வடிவம்மாள் கணவரை எட்டிப் பார்த்தாள். எழுந்து போய்க் கணவர் காதில் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும். அத்தனை வருஷம் நடித்தும் நடிக்கத் தெரியாத மனுஷன். நம்பிராஜன் வாத்தியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை பதக்கத்தை வாங்கினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். விரலால் கொடி வேலையைத் தடவினார். தான் நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிந்த அதே கை வேலை என்பது அவர் விரலுக்குத் தட்டுப்படவில்லை. பந்தல் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது.

“அசல்” என்றார். “இந்தக் காலத்துல இப்படிக் கட்ட ஆள் கிடையாது. எட்டுத் தலைமுறைப் பொருள். இலேசா இருக்கே, அதுதான் அடையாளம். பழைய பொன்னு கனக்காது.”

மேளம் கொட்டியது. அய்யாக்குட்டிப் பிள்ளை பதக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேராச்சி கழுத்தில் தாலி ஏறியது.

பிற்பாடு அந்தப் பதக்கத்தால் பேராச்சிக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. இப்பேர்ப்பட்ட பொருளை மருமகள் கையில் விடுவதா என்று மாமனார் அன்றைக்கே வாங்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். யாருக்கும் எடுத்துக் காட்டமாட்டார், கண் பட்டுவிடுமாம். அது பெட்டிக்குள் இருக்கிறவரை மருமகளுக்கு அந்த வீட்டில் நல்ல மரியாதை இருந்தது.

கல்யாணச் சாப்பாடு முடிந்து வில்வண்டியில் வீடு திரும்பும்போது பிள்ளை திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் பெருமூச்சு விட்டார்.

“பாத்தியாட்டி? ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கூரை வீடு, மகளுக்கு என்னமாப் போட்டிருக்கான் பாரு. உங்க அப்பாவும் போட்டாரே.”

வடிவம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. மடியிலிருந்த வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தாள். இரண்டு வெற்றிலைக்குப் பதில் நாலு வெற்றிலை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் தாராளமாக வைத்து மடித்து, அவர் கையில் கொடுத்தாள். பிள்ளை அதை வாய் நிறையப் போட்டுக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அவரால் பேச முடியவில்லை.